ரைலி என்றொரு பூச்சி மனிதர்

(மெக்கானிக்கல், 2011 அணி)



மலருக்குக் கட்டுரை என்றால் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும், அரியர் வைத்த கதையையும் எழுதுவதுதான் நம் வழக்கம். அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேறொருவரைப் பற்றி எழுதப்போகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் இல்லை. இன்ஜினியரும் இல்லை. எந்தக் கல்லூரியிலும் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர்கூட இல்லை. பெயர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. அமெரிக்க வேளாண் துறையில் தலைமைப் பூச்சியியல் அறிஞராக இருந்தவர். காலமாகி நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மெக்கானிக்கல்காரனுக்குப் பூச்சியோடு என்னப்பா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்ப்பது பயிருக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் தயாரிப்பில். ஸ்பிரேயரின் முனையில் இருக்கும் நாசிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருந்து நேராக வெளியே வராது. பக்கவாட்டில் ஒரு சின்ன வட்ட அறைக்குள் நுழையும்; அங்கே கிறுகிறுவென்று சுழலும்; பிறகு நடு ஓட்டை வழியாகக் குடை விரித்த மாதிரி பொடித்துளியாக வெளியேறும். இந்தச் சுழல் நாசிலின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோதுதான் ரைலி எனக்கு அகப்பட்டார். 1880களில் பருத்தியைத் தின்னும் புழுவுக்கு, இலையின் அடிப்பக்கத்திலும் மருந்து படவேண்டும் என்பதற்காக அவருடைய குழுவில் உருவானது அது. வடிவமைப்பில் பெரும்பங்கு வில்லியம் பார்னார்டு என்ற உதவியாளருடையது. ஆனால் ரைலி நாசில் என்றும் அது பெயர் பெற்றது. இந்தச் சேதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேடிக்கை என்னவென்றால், மருந்தடிக்கும் கருவியோடு பேர் ஒட்டிக்கொண்ட இதே மனிதர்தான், மருந்தால் முடியாத ஒரு வேலையை 129 பொறிவண்டுகளை வைத்து முடித்துக் காட்டினார். அந்தக் கதைதான் இது.

பண்ணைப் பையன்

ரைலி பிறந்தது 1843 செப்டம்பர் 18 அன்று, லண்டனில். பிள்ளைப் பருவம் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வால்டன் என்ற ஊரில் கழிந்தது. பிறகு பிரான்ஸில் தியெப், ஜெர்மனியில் பான் ஆகிய ஊர்களில் தங்கிப் படித்தார். இரண்டு விஷயங்களில் பையன் கெட்டிக்காரன். ஒன்று, படம் வரைவது. இன்னொன்று, பூச்சிகளைப் பிடித்து வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது. பிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாக வந்துவிட்டன. இந்த மொழியறிவு பின்னால் எவ்வளவு கைகொடுத்தது என்று பாருங்கள்.

1860-ல், பதினேழு வயதில், தனியாகக் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இல்லினாய் மாநிலத்தில் கங்ககீ என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் வேலை. மாடு மேய்ப்பதும் உழுவதும் அறுப்பதுமாக மூன்று, நான்கு வருடம் உடம்பு நோக உழைத்தார். பயிரில் பூச்சி விழுந்தால் ஒரு குடியானவன் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிறகு சிகாகோவுக்கு வந்து, விவசாயிகளுக்காக நடந்த பிரெய்ரி ஃபார்மர் என்ற பத்திரிகையில் சேர்ந்தார். செய்தி எழுதுவார், படம் வரைவார், பூச்சி பற்றி விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தருவார். நடுவில் 1864-ல் உள்நாட்டுப் போரில் சில மாதம் சிப்பாயாகவும் இருந்தார்.

இல்லினாயில் பெஞ்சமின் வால்ஷ் என்று ஒரு பெரியவர். கேம்பிரிட்ஜில் படித்தவர், பூச்சியியலில் கரை கண்டவர். அவர் இந்த இளைஞரைக் கண்டுகொண்டார். 1868-ல் இருவருமாகச் சேர்ந்து ஒரு பூச்சியியல் பத்திரிகை தொடங்கினார்கள். அதே ஆண்டில் மிசௌரி மாநிலம் தன் முதல் பூச்சியியல் அதிகாரியாக ரைலியை நியமித்தது. அப்போது அவருக்கு வயது 24. மறு ஆண்டே வால்ஷ் ரயில் விபத்தில் இறந்துபோனார். குருவை இழந்த ரைலி தனியாகவே மிசௌரியில் 1877 வரை வேலை பார்த்து, ஒன்பது ஆண்டறிக்கைகள் எழுதினார். அரசாங்க அறிக்கை என்றால் தூசி தட்டிக் கட்டிவைப்பதுதானே வழக்கம்? இவருடைய அறிக்கைகளை இங்கிலாந்திலிருந்த டார்வினே படித்துப் பாராட்டினார். ஒவ்வொரு பூச்சியும் முட்டையிலிருந்து சாவு வரை என்ன செய்கிறது, எந்தக் கட்டத்தில் அதை எளிதாகப் பிடிக்கலாம் என்று விவசாயிக்குப் புரிகிற மாதிரி எழுத்து. கூடவே அவர் கையாலேயே வரைந்த படங்கள்.

வெட்டுக்கிளியும் திராட்சையும்

1870களின் நடுவில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து அமெரிக்க நடுமாநிலங்களின் பயிரை மொட்டையடித்தன. அதை ஆராய 1877-ல் அமைந்த தேசியக் குழுவுக்குத் தலைவர் ரைலிதான். வெட்டுக்கிளி பயிரைத் தின்றால் நாம் வெட்டுக்கிளியைத் தின்போமே என்று சமைத்துச் சாப்பிட்டும் காட்டினார் மனுஷன். ஆனால் ஊரார் அதைப் பின்பற்றியதாகத் தெரியவில்லை!

இன்னொரு பக்கம் பிரான்ஸ். அங்கே திராட்சைக் கொடிகள் வேரிலிருந்து செத்துக்கொண்டிருந்தன. காரணம் ஃபைலாக்செரா என்ற துக்கடாப் பூச்சி. அமெரிக்கக் கொடியின் இலையில் முடிச்சு போடும் பூச்சியும், பிரெஞ்சுக் கொடியின் வேரைக் கடிக்கும் பூச்சியும் ஒன்றே என்று உறுதிசெய்தவர்களில் ரைலி முக்கியமானவர். அமெரிக்கக் கொடிகள் இந்தப் பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. அதனால் அமெரிக்க வேர்த்தண்டின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டும் வழி பிறந்தது. பிளான்ஷோன் முதலிய பிரெஞ்சு அறிஞர்களோடு சேர்ந்து ரைலி அதற்காகப் பாடுபட்டார். பிரெஞ்சு அரசு தங்கப் பதக்கம் கொடுத்தது. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சைக் கொடிகள் இப்படி ஒட்டுக்கட்டியவையே.

அதே சமயம் 1873-ல் ஃபைலாக்செராவைத் தின்னும் ஒரு சிலந்திப்பேன் வகையையும் ரைலி பிரான்ஸுக்கு அனுப்பிப் பார்த்தார். அது அங்கே பிழைத்ததே தவிர, பூச்சியை அடக்கவில்லை. அந்த முயற்சி தோற்றாலும் யோசனை தோற்கவில்லை. பதினைந்து வருடம் அது அவர் மனதில் ஊறிக்கொண்டே இருந்தது.

ஆரஞ்சு மரத்தில் வெள்ளைப் பஞ்சு

1868 வாக்கில் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா செடிகளோடு ஒரு செதில் பூச்சியும் வந்து இறங்கியது. பஞ்சு மெத்தைச் செதில் பூச்சி என்று சொல்லலாம். ஐசீரியா பர்ச்சேசி என்பது அதன் அறிவியல் பெயர். பூச்சியின் பின்னால் வரிவரியாகக் கோடு போட்ட வெள்ளைப் பஞ்சுப்பை இருக்கும். பைக்குள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. அறுநூறு எழுநூறு வரைகூடப் போகும். போதாக்குறைக்கு, பெண் போலத் தெரியும் அந்தப் பூச்சிக்குள்ளேயே ஆணும் அடக்கம். துணையே வேண்டாம், ஒரே ஒரு பூச்சி போதும், ஒரு வம்சம் கிளம்பிவிடும்.

செதில் பூச்சிகள் பறந்து திரிந்து கடிப்பவை அல்ல. குஞ்சாக இருக்கும்போது கொஞ்சம் ஊரும். இடம் பிடித்துவிட்டால் ஊசி போன்ற வாயைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு சாறு உறிஞ்சுவதுதான் வேலை. உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுவென்று இலைமேல் கழிக்கும். அதில் எறும்பு மொய்க்கும், கரும்பூசணம் படரும். மரம் பஞ்சு போர்த்தியது போல வெளுத்து, இலை கறுத்து, கடைசியில் பட்டுப்போகும்.

1880களில் இந்தப் பூச்சி தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களுக்குள் புகுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தோட்டக்காரர்கள் மண்ணெண்ணெய், சோப்புக் கரைசல் என்று எதையெதையோ அடித்துப் பார்த்தார்கள். ரைலியின் பிரிவிலேயே ஹென்றி ஹப்பார்டு என்பவர் ஃபுளோரிடாவில் மண்ணெண்ணெயைச் சோப்போடு கலந்து பால் போலாக்கி, செதில் பூச்சிகள்மேல் அடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். சாதாரணச் செதில் பூச்சிக்கு அது கேட்டது. பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைக்குக் கேட்கவில்லை. தண்ணீர் ஒட்டாத மெழுகுப் பஞ்சு. மருந்து மேலோடு வழிந்து போய்விடும்.

ரைலியின் களப்பணியாளர் கொக்கிலெட் 1886-ல் இன்னொரு வழி கண்டார். மரத்தையே கூடாரம் போட்டு மூடி, உள்ளே ஹைட்ரஜன் சயனைடு வாயுவை விடுவது. பூச்சி சாகத்தான் செய்தது. ஆனால் மரத்துக்கு மரம் கூடாரம், ஆள்கூலி, விஷம்! சிறு தோட்டக்காரனுக்குக் கட்டுப்படி ஆகுமா? பலர் மரத்தை வெட்டி எரித்தார்கள். நிலத்தின் விலை சரிந்தது. ஆரஞ்சு விவசாயமே இத்தோடு முடிந்தது என்ற பேச்சு வந்துவிட்டது.

ஒரு கேள்வி

எல்லாரும் இந்தப் பூச்சியை எதைக்கொண்டு கொல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரைலி கேட்டது வேறு கேள்வி. இது எங்கிருந்து வந்தது? அந்த ஊரில் ஏன் இது தோட்டங்களை அழிக்கவில்லை?

சொந்த ஊரில் அதைத் தின்று மட்டுப்படுத்தும் எதிரி இருக்கவேண்டும். பூச்சி கப்பலேறியபோது எதிரி பின்தங்கிவிட்டது. எதிரியையும் வரவழைத்தால் கணக்கு நேராகும் என்பது அவருடைய வாதம். அடிலெய்டு நகரில் ஃபிரேசர் கிராஃபோர்டு என்பவர் இந்தச் செதில் பூச்சிக்குள் வளரும் ஒரு சின்ன ஈயைக் கண்டுபிடித்திருந்ததும் அவருக்குத் தெரியவந்தது. 1887 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் நடந்த பழத்தோட்டக்காரர் மாநாட்டில் இந்த யோசனையை அவர் விளக்கிப் பேசினார்.

சட்டத்தில் ஒரு சந்து

யோசனை சரி, பணம்? அவருடைய பிரிவினர் வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசுப் பணத்தைத் தொடக்கூடாது என்று நாடாளுமன்றம் கட்டுப்பாடு போட்டிருந்தது. ரைலி அடிக்கடி ஐரோப்பாவுக்குப் போய்வந்ததே அதற்குக் காரணம் என்பார்கள். அவர் வினையே அவரைச் சுற்றிக்கொண்டது போலத்தான்.

நல்லவேளையாக 1888-ல் மெல்போர்ன் நகரில் ஒரு சர்வதேசக் கண்காட்சி. அதற்கு அமெரிக்கா சார்பில் ஒரு தூதுக்குழு போகிறது. செலவு வெளியுறவுத் துறையுடையது. குழுத் தலைவர் ஃபிராங்க் மெக்கப்பின் கலிஃபோர்னியாக்காரர். கண்காட்சிக் கணக்கில் 2,000 டாலர் ஒதுக்கி, ரைலியின் ஆள் ஒருவரை அந்தக் குழுவோடு அனுப்ப ஏற்பாடாயிற்று. ஆபீஸில் பட்ஜெட் தலைப்பை மாற்றிக் காரியம் சாதித்த அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

அனுப்பப்பட்டவர் ஆல்பர்ட் கோபெலே. ஜெர்மனியில் பிறந்தவர். பூச்சி இருக்கும் இடத்தை மோப்பம் பிடிப்பது போலக் கண்டுபிடிப்பதில் சூரர். 1888 ஆகஸ்ட் 25 அன்று அலமீடா என்ற கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். ரைலியின் எதிர்பார்ப்பெல்லாம் அந்தச் சின்ன ஈயின் மேல்தான். கோபெலேயும் ஈக்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். ஆனால் அக்டோபர் 15 அன்று, வடக்கு அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், பஞ்சுப் பூச்சியைத் தின்றுகொண்டிருந்த ஒரு பொறிவண்டு அவர் கண்ணில் பட்டது. சிவப்பும் கறுப்புமாக, மிளகைவிடச் சிறிய வண்டு. வெடாலியா என்பது அப்போதைய பெயர். இன்று ரொடோலியா கார்டினாலிஸ்.

ஒரு மரம், ஒரு கூடாரம்

வண்டுகளைச் செதில் பூச்சி ஒட்டிய கிளைகளோடு பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார் கோபெலே. ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். நவம்பர் 30 அன்று உயிரோடு வந்து சேர்ந்தவை 28. டிசம்பர் 29 அன்று 44. 1889 ஜனவரி 24 அன்று 57. ஆக மொத்தம் 129. பிறகும் வந்தன; எல்லாம் சேர்ந்து 514. அவ்வளவுதான், ஒரு தீப்பெட்டியில் கொட்டி வைக்கலாம்.

வாங்கிப் பராமரித்தவர் கொக்கிலெட். லாஸ் ஏஞ்சலஸில் வுல்ஃப்ஸ்கில் குடும்பத்தின் தோட்டத்தில் பூச்சி மொய்த்த ஓர் ஆரஞ்சு மரத்தைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் கூடாரம் போட்டு, உள்ளே வண்டுகளை விட்டார். மரங்களுக்கு விஷவாயு விட்டுப் பழகிய அதே மனிதர், அதே கூடார வித்தை. இந்த முறை உள்ளே போனது விஷம் அல்ல, உயிர்!

வண்டு பஞ்சுப்பையின் மேலேயே முட்டையிடும். பொரித்த புழு பைக்குள் துளைத்துக்கொண்டு போய் முட்டைகளைத் தின்னும். எந்த மெழுகுப் பஞ்சு மருந்தைத் தடுத்ததோ, அதே பஞ்சு இப்போது வண்டின் பிள்ளைகளுக்குச் சோற்றுப்பானை ஆகிவிட்டது. கணக்கையும் பாருங்கள். பஞ்சுப் பூச்சிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை. வண்டுக்கு வெயில் காலத்தில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. ஓட்டப்பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கால்குலேட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம்.

ஏப்ரலில் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பரவின. சேதி காட்டுத்தீயாய்ப் பரவ, தோட்டக்காரர்கள் பெட்டியும் கையுமாக வந்து வண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஜூன் 12-க்குள் 208 தோட்டக்காரர்களுக்கு 10,555 வண்டுகள் கொடுத்தாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பஞ்சுப் பூச்சி பயமே ஓய்ந்துபோனது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலிருந்து போன ஆரஞ்சு ஓராண்டில் 700 ரயில் வேகன்களிலிருந்து 2,000 வேகன்களாக உயர்ந்தது. ஆன செலவு 5,000 டாலருக்கு உள்ளேதான். ரைலி அதிகம் நம்பிய ஈயும் சும்மா இருக்கவில்லை. கடற்கரையோரத் தோட்டங்களில் அதுவும் நிலைத்து, வண்டுக்குத் துணையாக இன்றும் வேலை செய்கிறது.

பேர் யாருக்கு?

வெற்றி வந்ததும் சண்டை வந்தது. கலிஃபோர்னியாக்காரர்கள் கோபெலேயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவருக்குத் தங்கக் கடிகாரம், மனைவிக்கு வைரத் தோடு. வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த ரைலியைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். யோசனையே எங்களுடையது என்று மாநிலத் தோட்டக்கலை வாரியத்தினர் சொல்ல ஆரம்பித்தார்கள். ரைலிக்கு அது மனதைத் தைத்தது. பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் மல்லுக்கு நின்றார்.

உண்மையில் யாருக்குப் பேர் சேரவேண்டும்? யோசித்து, வாதாடி, வழி பண்ணியவர் ரைலி. காடுமேடு அலைந்து கண்டெடுத்தவர் கோபெலே. வந்த ஒவ்வொரு வண்டையும் எண்ணி, காத்து, பெருக்கியவர் கொக்கிலெட். ஈயை முதலில் கண்டு சொன்னவர் கிராஃபோர்டு. செலவுக்குக் கதவு திறந்தவர் மெக்கப்பின். இதில் ஒருவரை உருவினாலும் மீதிப்பேர் வேலை நின்றுபோயிருக்கும்.

இப்போது அந்த நாசில் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பார்னார்டின் கைவேலைக்கு ரைலியின் பேர் ஒட்டியது. ரைலியின் யோசனைக்குப் பிறர் பேர் ஒட்டியது. ரைலி மகா திறமைசாலி; அதே அளவு முன்கோபியும், பேர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவரும்கூட. மேலதிகாரியோடு மோதி 1879-ல் வேளாண் துறையை விட்டு விலகி, 1881-ல் திரும்பி வந்தவர். பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் பொன்முலாம் பூசாமல் படித்தால்தான் நமக்கு உபயோகம் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை

வண்டின் வெற்றியால் கலிஃபோர்னியாவுக்கு ஒரு மயக்கம் பிடித்துக்கொண்டது. எல்லாப் பூச்சிக்கும் ஒரு வண்டு வரும், இனி மருந்தே வேண்டாம் என்று பலர் நம்பினார்கள். மாநில வாரியத்தில் முக்கியஸ்தரான எல்வுட் கூப்பர் சான்டா பார்பரா பக்கம் பெரிய ஆலிவ் தோட்டக்காரர். ஆலிவ் மரங்களுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் பொதுவான எதிரி கருஞ்செதில் பூச்சி. அதற்கும் மற்றச் செதில்களுக்கும் எதிரி தேட, 1891-ல் மாநிலம் 5,000 டாலர் கொடுத்து கோபெலேயை மறுபடி அனுப்பியது. அவர் பல வகை வண்டுகளை ஆயிரக்கணக்கில் அனுப்பினார். நிலைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவே. கருஞ்செதில் அடங்கவில்லை. 1937-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி வந்த பிறகுதான் நல்ல பலன் கிடைத்தது.

வெடாலியாவின் வெற்றிக்குக் காரணமே அது பஞ்சுப் பூச்சி இனத்தைத் தவிர வேறெதையும் தின்னாத பிடிவாதக்காரி என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் 1893-ல் ஃபுளோரிடாவில் வேறொரு செதிலை ஒழிக்க அந்த வண்டை வரவழைத்தார்கள். வழிச்சோறாகக் கூடவே வந்த பஞ்சுப் பூச்சி ஃபுளோரிடாவிலும் குடியேறிவிட்டது! எல்லாவற்றுக்கும் வண்டு என்று மருந்தையும் கூடாரத்தையும் தூர வைக்காதீர்கள், ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியே ஆராயவேண்டும் என்று ரைலி எச்சரித்தது இதனால்தான். வெற்றி பெற்றவரே அதன் எல்லையையும் சொன்னார். அது பலருக்கு ரசிக்கவில்லை.

1894-ல் உடல்நலமும் மனக்கசப்புமாகப் பதவியை விட்டார். அதற்கு முன்பே, 1885-ல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் பூச்சிச் சேகரிப்பை வாஷிங்டனின் தேசிய அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். இன்று உலகின் பெரிய பூச்சிச் சேகரிப்புகளில் ஒன்றான அதற்கு அதுதான் அஸ்திவாரம்.

1895 செப்டம்பர் 14. காலையில் மகனோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். இறக்கத்தில் வேகமாக இறங்கும்போது, ஏதோ வண்டியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு கருங்கல்லில் சக்கரம் மோதியது. தலையில் பலத்த அடி. அன்றே உயிர் போய்விட்டது. 52 வயது நிறைய நான்கு நாள் பாக்கி.

வண்டு போன ஊர்கள்

ரைலி போன பிறகும் வண்டின் பயணம் நிற்கவில்லை. போர்ச்சுகல், இத்தாலி என்று பஞ்சுப் பூச்சி போன இடமெல்லாம் பின்னாலேயே போனது. நம்ம நீலகிரிக்கும் வந்தது! அங்கே சீகை மரங்களில் பஞ்சுப் பூச்சி தென்பட்டது. ஆஸ்திரேலிய மரம், ஆஸ்திரேலியப் பூச்சி. ஆகவே ஆஸ்திரேலிய வண்டும் வரவழைக்கப்பட்டு விடப்பட்டது. அதற்கும் முன்னால், 1898-லேயே, காப்பிச் செடியின் பச்சைச் செதிலுக்காகத் தென்னிந்தியாவுக்கு வந்த இன்னொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு, வந்த வேலையை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைத் தின்னத் தொடங்கி, இன்று மாவுப்பூச்சிக்கென்றே வளர்த்து விற்கப்படுகிறது. கோபெலே இரண்டாம் பயணத்தில் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பியதும் இதே இனம்தான்.

எங்கள் செட் படித்துக்கொண்டிருந்த நாளில் நடந்தது ஒன்று. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்தடித்து மாளவில்லை. பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோ. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டன. சில மாதங்களில் வயல்கள் தெளிந்தன. கேட்கப்பட்டது ரைலியின் அதே கேள்வி: சொந்த ஊரில் இது ஏன் தொல்லை தரவில்லை?

மருந்து விற்பனைக்குத் துணைபோகும் தொழிலில் இருந்துகொண்டு இதை எழுதுவது என் பிழைப்புக்கே உலை வைப்பது போலத் தோன்றலாம். அப்படி இல்லை. மருந்து தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால் 1946, 1947-ல் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் நடந்ததையும் மறக்கக்கூடாது. டிடிடி வந்த புதிது. ஆரஞ்சுத் தோட்டங்களில் அதை அடித்தார்கள். வெடாலியா செத்தது, பஞ்சுப் பூச்சி பிழைத்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அடங்கிக் கிடந்த பூச்சி மறுபடி தலைதூக்கியது. டிடிடியைக் குறைத்து, வண்டைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. அத்தனை வருடமும் கூலி கேட்காமல் வேலை செய்தது யார் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நாசிலை எவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்தாலும், எங்கே அடிக்கக்கூடாது என்பதை நாசில் சொல்லாது.

இப்போது உயிரி எதிரியை இறக்குவதும் விளையாட்டுக் காரியம் இல்லை. கலாபகோஸ் தீவுகளில் 1982-ல் பஞ்சுப் பூச்சி வந்தது. வெடாலியாவை விட்டது 2002-ல்தான். தீவின் மற்றப் பூச்சிகளைத் தொடாது என்று வருடக்கணக்கில் சோதித்த பிறகே அனுமதி கொடுத்தார்கள். ரைலியின் எச்சரிக்கைக்கு இது நல்ல மரியாதை.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. பழுது வந்தால் எதை மாற்றலாம் என்று ஓடுவதற்கு முன்னால், இது வேறெங்கே பழுதாகாமல் ஓடுகிறது, ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது லேத்தில் நின்று பாகம் கடைந்து கொடுத்த வொர்க்‌ஷாப் அண்ணன் பேரையும் முன்பக்கத்தில் போடுங்கள். கூடாரத்துக்குள் வண்டு எண்ணியவர் இல்லாமல் எந்த ரைலியும் ஜெயித்ததில்லை.